பெங்களூரு வெயிலில் ஆர்க்கிட்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து, மே மாதத்தில் நல்ல மழை இரண்டு மூன்று பெய்யும் வரைக்கும், பெங்களூருவில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குச் சோதனைக் காலம். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்கள், "சென்னை வெயிலிலேயே எங்க வீட்டு வாண்டா ஆர்க்கிட் நல்லா இருக்கே, இங்கே ஏன் காயுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சூடு அங்கேதான் அதிகம். ஆனால் அங்கே கடற்காற்றில் ஈரம் இருக்கிறது. நாம் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். மார்ச், ஏப்ரல் மதியங்களில் இங்கே காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் விட்டு வாழும் செடிக்கு வெறும் சூட்டைவிட இந்த வறட்சிதான் பெரிய தொல்லை. சூடும் லேசுப்பட்டதில்லை, 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வரை போனது.

இந்த மாதங்களில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் பார்ப்பதற்குத் தாகம் மாதிரியே இருக்கும். உடனே குழாயைத் திறக்கக் கை போகும். ஒரு நிமிஷம் நிறுத்தி, முதலில் வேரைப் பாருங்கள். கீழே எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும் நான் சொல்லும் முதல் வேலை அதுதான்.

இலை தொய்கிறது, தண்டு சுருங்குகிறது

ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் என்றால் இலை துவண்டு, நடுவில் சுருக்கம் விழும். டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம் என்றால் நீர் சேமிக்கும் தண்டு வற்றி வரிவரியாகும். டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த பழைய தண்டு கொஞ்சம் சுருங்குவது இயல்பு. அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இந்த வருஷம் வந்த புதுத் தண்டு சுருங்கினால்தான் கவலை.

இதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தண்ணீர் போதவில்லை. மற்றது, தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது, தொட்டியில் இருக்கும் தண்ணீரை எடுக்கவே செடிக்கு வழியில்லை. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ராமமூர்த்தி நகரில் எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், "தினமும் ஊத்தறேன்மா, அப்படியும் வாடிக்கிட்டே போகுதே" என்று ஒரு ஃபெலனாப்சிஸைக் கொண்டு வந்தார். "தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கலாமாக்கா?" என்று கேட்டு, செடியை வெளியே எடுத்தோம். சுற்றிலும் இருந்த தேங்காய் மட்டைத் துண்டுகள் சரியாகத்தான் இருந்தன. நடுவில், நர்சரியில் நாற்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டை அப்படியே இறுகிக் கிடந்தது. வெளிப்பக்கம் உலர்ந்திருந்தும், பிழிந்தால் அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைச் சுற்றியிருந்த வேர்களைப் பிடித்து லேசாக உருவினால், மேல் உறை கையோடு வந்து நடுவில் நூல் மட்டும் நின்றது. அது செத்த வேர். தாய்லாந்து, தைவான் செடிகளை வாங்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பாசி உருண்டை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நல்ல வேர் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். காய்ந்த நிலையில் வெள்ளி நிறம், நனைந்ததும் சில நிமிஷத்தில் பச்சை. இந்த நிறமாற்றம்தான் உங்கள் அளவுகோல். வேர் கெட்டியாக, வெள்ளையாக இருந்து செடி வாடினால் அது உண்மையான தாகம். அப்போது ஒரு தடவை தெளித்துவிட்டு நகரக் கூடாது. தெளித்து, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி தெளியுங்கள். தொட்டியில் போட்டிருக்கும் கரியும் மட்டையும் உலர்ந்திருந்தால் முதல் தண்ணீரைப் பிடிக்காமல் ஓட விட்டுவிடும். இரண்டாவது முறைதான் ஊறும். கூடையில் வெறும் வேரோடு தொங்கும் வாண்டாவுக்கு, வேர் முழுக்கப் பச்சையாகும் வரை விடாமல் கொடுங்கள். ஏப்ரலில் அதற்குக் காலை ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை தேவைப்படும்.

வேர் அழுகியிருந்தால் தண்ணீரை நிறுத்தி, அழுகியதையெல்லாம் வெட்டி எடுத்துவிடுங்கள். பிளேடை நெருப்பில் காட்டிவிட்டு வெட்டுங்கள். செடிக்குச் செடி மறுபடியும் காட்டுங்கள். ஒரு நாள் நிழலில் காயவிட்டு, புதுக் கலவையில் அசையாதபடி கட்டி வையுங்கள். வேர் ஏறக்குறைய முழுதும் போய்விட்டதென்றால், பிழிந்த ஈரப்பாசியின் மேல் செடியை உட்காரவைத்து, ஒளி ஊடுருவும் பெரிய கவருக்குள் வைத்து, வெயிலே படாத வெளிச்சத்தில் விடுங்கள். புது வேர் ஒன்றிரண்டு அங்குலம் வளரும் வரை உரம் வேண்டாம். வாரக்கணக்கில் ஆகும். பொறுமையாக இருந்தால் நிறையச் செடிகள் பிழைத்துவிடும்.

வேரும் நன்றாக இருக்கிறது, தண்ணீரும் சரியாகப் போகிறது, அப்படியும் மதியத்தில் மட்டும் இலை துவண்டு காலையில் நிமிர்கிறது என்றால் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயில் பட்டால் உள்ளே வேர் வெந்துவிடும். ஓட்டை போட்ட மண்தொட்டிக்கு மாற்றலாம், அல்லது முன்வரிசையில் ஒரு பலகையை நிறுத்தித் தொட்டிக்கு மட்டும் நிழல் கொடுக்கலாம். குழாயில் வெயிலில் கிடந்த தண்ணீரும் கொதித்துப்போயிருக்கும். முதல் ஒரு நிமிஷத் தண்ணீரை வாளியில் விட்டுவிட்டு அப்புறம் செடிக்குக் காட்டுங்கள்.

இலையில் திட்டு விழுகிறது

இங்கே அடையாளம் காண்பதுதான் எல்லாம். வெயில் சுட்ட திட்டு, வெயில் நேராக விழும் மேல்வளைவில்தான் வரும். முதலில் வெளுக்கும், பிறகு வைக்கோல் நிறமாகிக் காகிதம் போல உலரும், சில சமயம் ஓரம் கறுக்கும். ஆனால் வளராது. பேனாவால் திட்டின் ஓரத்தில் கோடு போட்டு வையுங்கள். மூன்று நாள் கழித்தும் கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது வெறும் சூடுதான். அந்த இலையை வெட்ட வேண்டாம், மிச்சமிருக்கும் பச்சை செடிக்குச் சோறு போடும்.

அழுகல் வேறு மாதிரி. நீர் கோத்த திட்டு, விரல் வைத்தால் உள்ளே போகும், பாக்டீரியா என்றால் கெட்ட வாடையும் வரும். கோட்டை ஒரே நாளில் தாண்டிவிடும். ஃபெலனாப்சிஸின் குருத்தில் வந்தால் இரண்டு மூன்று நாளில் செடியே போகலாம். கண்டவுடன் நல்ல திசுவில் ஒரு அங்குலம் சேர்த்தே வெட்டி, வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப் பட்டைத்தூள் தடவி, செடியைத் தனியே காற்றோட்டத்தில் வையுங்கள். பட்டைத்தூள் வேரில் படக் கூடாது, வேரைக் காய்ச்சிவிடும். கார்பென்டசிம், மேன்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லியைக் கடையில் எல்லா நோய்க்கும் கொடுப்பார்கள். பாக்டீரியா அழுகலுக்கு அது வேலை செய்யாது. தாமிர மருந்து கொடுத்தால் டென்ட்ரோபியத்துக்கு அடிக்காதீர்கள். அந்த இனத்துக்குத் தாமிரம் ஒத்துக்கொள்ளாது, இலை கருகும்.

"போன வருஷமும் இதே இடத்தில்தான் வைத்திருந்தேன், அப்போது சுடவில்லையே" என்பவர்கள் சூரியனின் பாதையைக் கவனிக்க வேண்டும். பெங்களூரு 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும், நிழலே விழாது. ஜனவரியில் தெற்கிலிருந்து சாய்ந்து வந்த வெயில், ஏப்ரலில் கூரை வழியாக நேரே இறங்கும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடு வரைக்கும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வரும். அதனால் மதில் நிழலில் பத்திரமாக இருந்த வடக்கு வரிசைக்கு மே மாதத்தில் திடீரென்று வெயில் அடிக்கும். லால்பாக்கின் ஜனவரி மலர்க்காட்சியில் வாங்கிவந்து, "இந்த இடம் இதமாக இருக்கிறது" என்று வைத்த செடியை ஏப்ரலில் அதே இடத்தில் விட்டுவைக்கக் கூடாது.

மதியம் ஒரு மணிக்கு இலையைத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள காற்றைவிட இலை சூடாக இருந்தால் அன்றைக்கே நிழலைக் கூட்டுங்கள். வாண்டாவும் டென்ட்ரோபியமும் 50 சதவீத ஷேட் நெட்டில் சமாளிக்கும். ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீதம் வேண்டும். செடிகள் இருக்கும் நிழல்வலைக் குடில் மொத்தத்துக்கும் அடர்ந்த வலை போடுவதைவிட, மார்ச் முதல் வாரத்தில் ஃபெலனாப்சிஸ் மூலைக்கு மட்டும் இரண்டாவது வலை ஒன்றைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் வலைக்கும் அதற்கும் ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். ஒட்டிக் கட்டினால் நடுவில் சூடு தேங்கும்.

இலை நுனி கருகுகிறது, வேர் நுனி கறுக்கிறது

தொட்டி விளிம்பிலும் கரித்துண்டின் மேலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா? இருந்தால் உப்பு. கோடையில் இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றுகிறோம், அது ஆவியாகிப் போகிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. காவிரித் தண்ணீர் பெரும்பாலும் தொந்தரவு தராது. போர்வெல்லும் டேங்கரும்தான் பிரச்சினை, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 500-ஐத் தாண்டுவது சகஜம். ஆர்க்கிட்டுக்கு 200-க்குள் இருந்தால் நிம்மதி. சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, ஒவ்வொரு டேங்கருக்கும் அளந்து பாருங்கள், லாரிக்கு லாரி மாறும்.

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் பலர் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றினார்கள். செம்பருத்தியும் வாழையும் தாங்கும், ஆர்க்கிட் தாங்காது. உப்பையெல்லாம் ஒதுக்கி வெளியே விடும் தண்ணீர் அது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. போர்வெல் தண்ணீரோடு பாதிப் பாதி கலந்தால் டி.டி.எஸ். பாதியாகிவிடும். மழைநீர்த் தொட்டி உள்ளவர்கள் கோடையில் பெய்யும் மாங்காய் மழையில் கிடைக்கும் தண்ணீரை ஆர்க்கிட்டுக்கென்று தனி டிரம்மில் எடுத்து வையுங்கள். கூரையைக் கழுவி வரும் முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே உப்பு ஏறிய தொட்டிக்கு, நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். தேங்காய் மட்டை உப்பைப் பிடித்துவைக்கும் தன்மையுள்ளது. இரண்டு வருஷம் பழசாகி நொறுங்க ஆரம்பித்திருந்தால் மாற்றிவிடுவதே மேல். உரத்தையும் குறையுங்கள். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள உரம்) என்றால் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, அதுவும் வேரை நனைத்துப் பச்சையாக்கிய பிறகு. காய்ந்த வேரில் உரத்தண்ணீர் நேராகப் பட்டால் நுனி கருகும். 36 டிகிரி தாண்டும் வாரங்களில் நான் உரமே கொடுப்பதில்லை.

இலை மங்கி, வெள்ளி பூசியது போலாகிறது

ஒரு வெள்ளை டிஷ்யூவை நனைத்து இலையின் அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு இழுவல் வந்தால் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. லென்ஸ் வைத்தால் நரம்போரமாக ஊர்வதும் மெல்லிய நூலும் தெரியும். சூடான, வறண்ட காற்றில் ஒரு வாரத்துக்குள்ளேயே ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதனால்தான் மார்ச்சில் நாலைந்து புள்ளி, ஏப்ரலில் குடில் முழுவதும்.

தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். காலையில் செய்யுங்கள், குருத்தில் தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். மூன்று நான்கு நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது செய்ய வேண்டும், முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்க. மருந்துதான் வேண்டுமென்றால் சிலந்திப்பேனுக்கென்றே உள்ளதை வாங்குங்கள். பூச்சிக்கு என்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. இந்த வெயிலில் கந்தகத்தூளும், பகலில் வேப்பெண்ணெயும் வேண்டாம். இரண்டுமே இலையைச் சுட்டுவிடும்.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் வந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்த்தால் இடம் தெரிந்துவிடும்.

மொட்டு மஞ்சளாகி உதிர்கிறது

வறண்ட காற்று, திடீர்ச் சூடு, தண்ணீர் தவறிய ஒரு நாள், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மொட்டோடு இருக்கும் செடியை இடம் மாற்றாதீர்கள். மொட்டு விரியாமல் கோணலாகி, இதழோரம் பழுப்பாக இருந்தால் இலைப்பேன். நீலநிற ஒட்டும் அட்டையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பூத்த செடியை விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று ஹாலுக்குக் கொண்டு வந்தால், மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டையும் பூவையும் உதிர்த்துவிடும்.

புது இலை விசிறி மடிப்பாக வருகிறது

ஆன்சிடியத்தில்தான் அதிகம். இலை வளர்ந்தபோது ஈரம் போதவில்லை என்று அர்த்தம். விழுந்த மடிப்பு நிமிராது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த இலை நேராக வரும்.

செழிப்பாக இருக்கிறது, பூக்கவே இல்லை

இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் வெளிச்சம் போதவில்லை. வெயிலுக்குப் பயந்து போட்ட இரண்டாவது வலையை ஜூன் மேகத்திலும் கழற்றாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட சில வாரமாவது குளிர்ந்த இரவு வேண்டும். அதை நம் டிசம்பரும் ஜனவரியும் தானாகவே தந்துவிடும். எனவே கோடையில் அது பூக்கவில்லையே என்று உரத்தைக் கூட்டாதீர்கள். சிம்பிடியம் வகைகளில் பெரிய பூ விடுபவை எல்லாம் டார்ஜிலிங், சிக்கிம் பக்கத்துக் குளிரில் பூப்பவை. அவற்றைக் காட்டி ஆசைப்படுத்தினாலும் நம் ஊருக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வளரும், ஏப்ரல் மே மாதத்தில் நரிவால் போலத் தொங்கிப் பூக்கும் ரிங்கோஸ்டைலிஸ் இருக்கிறதே! காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை வாங்காமல், நர்சரியில் வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாச் செடியும் ஒன்றாக வாடுகிறது

அப்படியென்றால் கோளாறு செடியில் இல்லை, குடிலில் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளே போய் நில்லுங்கள். வெளியே காற்று குளிர்ந்தும் உள்ளே புழுக்கமாக இருந்தால், மேற்கு மதிலும் சிமெண்ட் தரையும் பகலில் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. ஆர்க்கிட்டில் தடித்த இலை உள்ள வகைகள் பெரும்பாலும் இரவில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கின்றன. அந்த நேரத்தில் காற்று சூடாகவும் வறண்டும் இருந்தால் துளையை மூடிக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். பகல் சூட்டைப் பார்த்துக் கவலைப்படும் அளவுக்கு இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

மதிலுக்கு உள்பக்கம் ஒரு வலையைத் தனியே தொங்கவிடுங்கள். தரையில் ஜல்லியோ உடைத்த செங்கல்லோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி, காலை பதினொன்றுக்கும், மூன்றுக்கும், சூரியன் சாய்ந்த பிறகும் அதை நனையுங்கள். நனைய வேண்டியது தரைதான், குருத்து அல்ல. தரைக்குப் போர்வெல் தண்ணீரே போதும். கூரை எட்டடிக்குக் கீழே இருந்தால் உயர்த்துங்கள், மேலே சூடு வெளியேற இடைவெளி விடுங்கள். மழைக்காக வலைக்கு மேல் பாலிதீன் போட்டிருந்தால் பிப்ரவரியிலேயே கழற்றிவிடுங்கள். சிறிய ஃபேன் ஒன்று ஈரத்தரையை ஒட்டி வீசட்டும். தரை காய்ந்திருக்கும்போது ஓடவிட்டால் செடியைத்தான் உலர்த்தும்.

முதல் மழைக்கு மறுநாள்

இரண்டு மாதம் காய்ந்து கிடந்த குடிலில் ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டும், ஆலங்கட்டியும் விழும். மழை நின்றதும் டார்ச் எடுத்துக்கொண்டு ஃபெலனாப்சிஸ் வரிசையைப் பாருங்கள். குருத்தில் நிற்கும் தண்ணீரைத் தொட்டியைச் சாய்த்துக் கொட்டி, மிச்சத்தை டிஷ்யூ முனையால் உறிஞ்சி எடுங்கள். ஆலங்கட்டி கிழித்த இலைகளைக் காலையில் சுத்தமாக வெட்டுங்கள். பெரிய கட்டிகள் வலையில் தங்கி அதைத் தாழ்த்தியிருக்கும், கீழிருந்து ஒரு கழியால் தட்டி உதறி, தொய்ந்த இடத்தை இழுத்துக் கட்டுங்கள். மறுநாள் தண்ணீர் வேண்டாம். வாண்டா வேர் மறுபடி வெள்ளியாகும் வரை காத்திருந்து அப்புறம் ஊற்றுங்கள்.